ஓடாத காருக்கும் பிரேக் ஆயில் கெடும்

ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் சில ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத கார்கள் பெங்களூரு வைட்ஃபீல்ட் அடுக்ககங்களின் கீழ்த்தளங்களில் ஏராளம். பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. மீதி நாளுக்கு 2023-இல் காடுகோடி வரை மெட்ரோவும் வந்துவிட்டது. அந்தக் கார்களின் சொந்தக்காரர்களிடம் பிரேக் ஆயில் மாற்றினீர்களா என்று கேளுங்கள். "வண்டி ஓடவே இல்லை, டப்பாவில் மேல்கோடு வரை ஆயில் நிற்கிறது, எதற்கு மாற்றணும்?" என்பார்கள். படித்த பொறியாளர்களே இப்படிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஆளைக் கொல்லக்கூடிய நம்பிக்கை இது.

பிரேக் ஆயிலைக் கெடுப்பது கிலோமீட்டர் அல்ல, காற்றிலுள்ள ஈரம். டாட் 3, டாட் 4 என்று விற்பவை கிளைக்கால் ஈதர் வகை. நீரை உறிஞ்சுவது அவற்றின் இயல்பு. டப்பா மூடியின் காற்றுத்துளை வழியாகவும், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸின் சுவரை ஊடுருவியும் ஈரம் சேரும். நிற்கிற காரிலும் சேரும். கரைந்துபோன நீரை மட்டம் காட்டாது, நிறமும் காட்டாது. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 சதவீதம் நீர் சேர்ந்த ஆயிலிடம் அதே விதி எதிர்பார்ப்பது வெறும் 155. டாட் 3-க்கு 205, நீர் சேர்ந்தால் 140.

வாரத்தில் எப்போதாவது ஹோப் ஃபார்முக்கும் குந்தலஹள்ளிக்கும் இடையே ஊர்ந்துகொண்டிருக்கும்வரை இது தெரியாது. அந்த வேகத்தில் பிரேக் பெரிதாகச் சூடேறாது, மிதித்தால் நிற்கும். சனிக்கிழமை அதே கார் ஐந்து பேரோடும் மூட்டை முடிச்சுகளோடும் ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் தாண்டி ஏற்காடு ஏறுகிறது. ஞாயிறு மாலை 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறது. டிஸ்க்கின் சூடு பேடைக் கடந்து, பிஸ்டன் வழியாக, பேடை அழுத்தும் காலிப்பரிலுள்ள ஆயிலுக்கு ஏறுகிறது. நீர் சேர்ந்த ஆயில் அங்கே கொதித்துக் குமிழி விடுகிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதிக்கிற விசையெல்லாம் குமிழிகளை நசுக்குவதிலேயே தீர்ந்துபோக, பெடல் தரைவரை போய்விடுகிறது. கீழ் கியரில் இறங்கினால் இந்தச் சூடு வெகுவாகக் குறையும், அப்படித்தான் இறங்கவும் வேண்டும். ஆனால் குழந்தைகளோடு இறங்குகிறவர் அது ஒன்றை மட்டும் நம்பக் கூடாது.

இதில் பெரிய கொடுமை, சூடு தணிந்ததும் ஆவி மறுபடி திரவமாகிப் பெடல் பழையபடி கெட்டியாகிவிடுவது. மறுநாள் மெக்கானிக் மிதித்துப் பார்த்தால் குறையே தெரியாது. ஓட்டியவர் பதறிவிட்டார் என்று பழி அவர் தலையில் விழும்.

சர்வீஸ் சென்டர்காரர்கள் பில்லை ஏற்றவே பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள் என்ற சந்தேகம் வெறும் கற்பனை அல்ல. உள்ளே வாசனை அடிப்பது, மேலே பூச்சுப் பூசுவது எல்லாவற்றையும் வேண்டாமென்று சொல்லுங்கள். பிரேக் ஆயிலை மட்டும் மறுக்காதீர்கள். ஆயிலின் விலை சில நூறு ரூபாய். நீர் உள்ளே துருவேற்றி ஏபிஎஸ் யூனிட் போனால் செலவு பல ஆயிரம். இத்தனை கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள் என்பது பல கார்களின் கையேட்டில் உள்ள விதி. ஓடாத காருக்கு முந்துவது ஆண்டுதான்.

மட்டம் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம் என்பதும் தவறு. குறைந்தால் பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. காரணம் பார்க்காமல் நிரப்புவது அந்த எச்சரிக்கையை அழிப்பது. டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் கொதிப்பது காலிப்பரில் கிடக்கும் ஆயில். சீல் உடையாத பாட்டிலை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். நான்கு சக்கரங்களிலும் ஆயிலை வெளியேற்றும் ப்ளீடர் வழியாகப் பழையது போய்ப் புதியது வரும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.