திரையைப் பாருங்கள், தாளில் வரையுங்கள்



பாடசாலைக்குக் கணினியும் இணையமும் வந்துவிட்டால் படிப்பு இலகுவாகிவிடும் என்பர் சிலர். கைத்தொலைபேசி மாணவரைக் கெடுத்துவிடும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் முழு உண்மையல்ல. பாடத்தின் எந்த இடத்தில், எதற்காக அக்கருவியைப் பயன்படுத்துகிறோம் என்பதே முக்கியம் என்பது எனது கருத்து.

புவியியலிலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன். 1:50,000 அளவுத்திட்டமுடைய இடவிளக்கப்படத்தில் 2 சென்ரிமீற்றர், நிலத்தில் 1 கிலோமீற்றரைக் குறிக்கும். சமவுயரக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் குத்தான சாய்வு. ஐதாக இருந்தால் மென்சாய்வு. இதனை உங்களில் பலர் மனனம் செய்திருப்பீர்கள். ஆயினும் கோடுகளைக் கண்டதும் மலை மனக்கண்ணில் தோன்றுவதில்லை. தட்டையான கரும்பலகையில் மலையைக் காட்டுவது ஆசிரியருக்கும் கடினமே.

இங்குதான் தொழினுட்பம் கைகொடுக்கிறது. 2005இல் வெளிவந்த கூகுள் ஏர்த் மென்பொருளில், 2243 மீற்றர் உயரமான சிவனொளிபாத மலையைச் சாய்த்தும் சுழற்றியும் பார்க்கலாம். வகுப்புக்கு ஒரு கணினியும் ஒரு பல்லூடக எறிவையும் இருந்தால் பத்து நிமிடம் போதும்.

ஆனால் ஒழுங்கு தவறக்கூடாது. முதலில் இடவிளக்கப்படத்தை மட்டும் பார்த்து, மலையின் எப்பக்கம் குத்தானது என்று கொப்பியில் எழுதுங்கள். பின்னர் திரையில் சரிபாருங்கள். பிழைத்த இடத்தை ஆசிரியரிடம் கேளுங்கள். இறுதியில் திரையை அணைத்துவிட்டு, குறுக்குவெட்டு முகத்தைப் பென்சிலால் வரையுங்கள். முதலிலேயே திரையைப் பார்ப்பவர் எல்லாம் விளங்கிவிட்டது என்று எண்ணுவார். பரீட்சை மண்டபத்திலோ அவர் முன்னால் தாள் மட்டுமே இருக்கும்.

2020 மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தன. தொலைபேசியோ சமிக்ஞையோ இல்லாத பிள்ளைகள் பின்தங்கினர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் பயன்படுவது நீதியான கல்வியன்று. ஆகவேதான் இக்கருவிகள் எல்லோரும் பார்க்கக்கூடிய வகுப்பறையில் இருக்கவேண்டும் என்கிறேன். பழுதாகிவிடும் என்று பயந்து கணினிக் கூடத்தைப் பூட்டிவைப்பதும் அநீதியே. உங்கள் பாடசாலையில் அந்நிலை இருந்தால், ஒரு பாடவேளையேனும் திறந்து தருமாறு ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள்.

கணினி கிடைக்காதவர்கள் சோரவேண்டாம். உருளைக்கிழங்கு ஒன்றை நெடுக்காக இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குன்றுபோலக் கவிழ்த்து வையுங்கள். அதனைச் சம தடிப்புள்ள கிடைத் துண்டுகளாக வெட்டி, பெரியதிலிருந்து சிறியதுவரை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தாளில் வைத்து ஓரங்களை வரையுங்கள். கிடைப்பவை சமவுயரக் கோடுகளே. பரீட்சைக்கு முன் இவ்விரண்டில் ஒன்றையேனும் செய்து பாருங்கள்.