புது கேமரா வாங்கியாச்சு... யூடியூப் மட்டும் போதுமா?

எலவனாசூர்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் ஒருபக்கம் வெள்ளை எல்.இ.டி., இன்னொரு பக்கம் ஊதா நிற சீரியல் லைட், நடுவில் வீடியோகிராஃபரின் ஃபோகஸ் லைட். கெட்டிமேளம் ஒலிக்கிறது. செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கி மூன்றே வாரமான இளைஞர் ஒருவர் தாலி கட்டும் நொடியை க்ளிக் செய்கிறார். திரையைப் பார்த்தால், மாப்பிள்ளை முகத்தில் குறுக்காக இருட்டுப் பட்டைகள்!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் உளுந்தூர்பேட்டையிலோ, கள்ளக்குறிச்சியிலோ, எந்த ஊர் முகூர்த்தத்திலும் நடக்கக்கூடியது. 'அண்ணே, இன்னொரு தடவை கட்டுங்க' என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியுமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மாதிரி மாட்டிக்கொள்கிற பலரும் வீடியோ பார்க்காதவர்கள் இல்லை. ஒன்றுக்குப் பத்தாகப் பார்த்தவர்கள். 'ஆட்கள் அசையும்போது ஷட்டர் வேகத்தை 1/500 வை' என்று யாரோ சொல்லியிருப்பார். வெயிலில் அது சரி. மண்டபத்து லைட்டில் செட் ஆகாது.

காரணம் மின்சாரம். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல டியூப் லைட்டுகளும் விலை குறைந்த எல்.இ.டி.களும் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் 1/100 அல்லது 1/50-ல் இருந்தால் ஒளியின் முழுச் சுற்று பதிவாகும், பட்டை வராது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கிருந்து வரும் கையேடுகள் 1/60 அல்லது 1/120 என்று சொல்லும். அதை அப்படியே இங்கே வைத்தால் வீடியோவில் வெளிச்சம் அலை அலையாக ஓடும். சொல்லிக்கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊர் வேறு, அவ்வளவுதான்.

கையேடு கிடைக்கவில்லை என்பது இப்போது பிரச்சினையே இல்லை. கையில் இருக்கும் கேமராவுக்கும், ஊரில் இருக்கும் வெளிச்சத்துக்கும் பொருந்துகிற கையேடு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதில்தான் சிக்கல்.

பெட்டியில் இல்லாத புத்தகம்

முதல் கையேடு, கேமராவோடு வருவதுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பெரும்பாலும் அது இருக்காது. புதுப் பெட்டியில் இருந்தாலும் சுருக்கப் பதிப்பாகவே இருக்கும். முழுக் கையேட்டை நிக்கான், கேனான், சோனி எல்லாமே தங்கள் தளங்களில் இலவசமாக வைத்திருக்கின்றன. மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் போதும்.

'அதை யார் படிப்பா?' என்று தோன்றும். முழுவதும் படிக்க வேண்டாம். ஆனால் படிக்காமல் விட்டால் காசு போகும். உதாரணத்துக்கு, தொடக்கநிலை ஆட்கள் அதிகம் வாங்கிய நிக்கான் டி3500, டி5600 இரண்டிலும் ஆட்டோஃபோகஸ் மோட்டார் கேமராவுக்குள் கிடையாது. பழைய 50 எம்.எம். 'டி' வகை லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். இது கையேட்டின் லென்ஸ் பட்டியலில் இருக்கிறது. பொதுவான வீடியோக்களில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

பலர் கவனிக்காத இன்னொன்று: அதே நிக்கான் கேமராக்களின் மெனு மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. செட்டப் மெனுவில் மொழியை மாற்றினால் மெனு தமிழில் வந்துவிடும். டி3500-ன் டயலில் 'கைட்' என்று தனி மோடே இருக்கிறது. என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டு, படிப்படியாக அழைத்துப் போகும்.

அதற்காக மெனுவை நிரந்தரமாகத் தமிழில் வைத்துக்கொள்ளலாமா? ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம். அதன் பிறகு ஆங்கிலத்துக்கு மாறுவதே நல்லது. ஸ்டுடியோவில் யாரும் 'துளை' என்று சொல்வதில்லை, 'அப்பர்ச்சர்' என்றுதான் சொல்கிறார்கள். சொல் எதுவாகவும் இருக்கட்டும், விளக்கம் தமிழில் புரிந்திருக்க வேண்டும். கொடுமை என்னவென்றால், மெனு வரைக்கும் வந்த தமிழ் கையேட்டுக்குள் வரவில்லை. இங்கே இத்தனை கேமரா விற்கும் நிறுவனங்களுக்கு அந்தச் செலவு பெரிய செலவா என்ன?

நிறுவனங்கள் செய்யாததை ஆர்வலர்கள் செய்திருக்கிறார்கள். 'தமிழில் புகைப்படக்கலை' என்ற வலைப்பூ 2007-ல் தொடங்கியது. பாடம் எழுதியதோடு நிற்காமல், மாதம் ஒரு தலைப்பு கொடுத்துப் போட்டியும் வைத்தார்கள். அந்த மாதம் முழுக்க வாசகர் அந்தத் தலைப்புக்காகக் கேமராவைத் தூக்க வேண்டியிருந்தது. அதில் வந்த கேமராக்கள் இன்று பழசாகியிருக்கலாம். அப்பர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. பற்றிய அடிப்படைகள் அப்படியேதான் இருக்கின்றன.

பனிக்குப் பதில் வேட்டி

ஆங்கிலக் கையேடுகளில் ஒரு பாடம் தவறாமல் வரும்: பனி படர்ந்த இடத்தில் எக்ஸ்போஷரைக் கூட்டு. எலவனாசூர்கோட்டையில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? ஆனால் வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பேர் வரிசையாக நின்றால், கேமராவுக்கு அதுவும் பனிதான். எதைப் பார்த்தாலும் சராசரி சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவர நினைப்பது கேமராவின் சுபாவம். வெள்ளை அதிகமானால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், முகங்கள் கறுத்துப்போகும். பிளஸ்-மைனஸ் பட்டனில் +1 வரை கூட்டினால் முகம் தெளியும். கல்வராயன் மலையின் மார்கழி மூடுபனிக்கும் இதே கணக்கு. ஊர்ச் சிவன் கோயிலின் நிழல் விழுந்த கருங்கல் தூணுக்கு நேர்மாறு. கேமரா தேவைக்கு மேல் வெளிச்சமாக்கும், மைனஸில் குறைக்க வேண்டும். (கோயிலுக்குள் எடுக்கும் முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.)

இதைத் தமிழில், வேட்டியையும் தூணையும் காட்டிச் சொல்லித்தருபவர் யாரோ, அவரைப் பின்தொடரலாம். 'அப்பர்ச்சர் 1.8, ஷட்டர் 1/200, ஐ.எஸ்.ஓ. 400, அவ்ளோதான் ஃபிரண்ட்ஸ்' என்று எண்ணை மட்டும் ஒப்பித்து, ஏன் என்று சொல்லாதவரைத் தாண்டிப் போகலாம். 18-55 கிட் லென்ஸ் வைத்திருப்பவர் அப்பர்ச்சரை 3.5-க்குக் கீழே இறக்கவே முடியாது. முழுக்க ஜூம் செய்தால் 5.6-தான். பாதி வீடியோ கேமரா பை லிங்க்கிலேயே ஓடினால் அதுவும் ஒரு அறிகுறி.

வீடியோவே இல்லாமல் கற்றுக்கொள்ள ஒரு வழி விக்கிமீடியா காமன்ஸ். அங்கே பல படங்களின் கீழே எந்தக் கேமரா, என்ன ஷட்டர், அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ. என்ற விவரம் அப்படியே இருக்கும். கேமரா மாடல் வாரியாகவும் படங்களைப் பார்க்கலாம். உங்களுடைய அதே கேமராவில் இன்னொருவர் கோயில் மண்டபத்தை எப்படி எடுத்தார் என்று எண்களோடு தெரியும்போது, 'என் கேமரா சரியில்லை' என்ற சாக்கு காணாமல் போய்விடும்.

முறையான படிப்பு என்றால் சென்னை தரமணி திரைப்படப் பயிற்சி நிறுவனம், ஊட்டி லவ்டேலில் உள்ள 'லைட் அண்ட் லைஃப் அகாடமி' என்று இருக்கின்றன. எலவனாசூர்கோட்டையிலிருந்து சென்னையே 200 கிலோமீட்டருக்கு மேல். வேலைக்குப் போய்க்கொண்டே கேமரா பழகுகிறவருக்கு அது நடக்கிற காரியமில்லை. பக்கத்து ஊர் ஸ்டுடியோ அண்ணனிடம் நாலு முகூர்த்தத்துக்கு லைட் பிடிக்கப் போவது நடக்கும். எந்த மண்டபத்தில் எந்த லைட் மக்கர் பண்ணும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அந்த அண்ணன்கள் செய்கிற ஒரு வேலையை மட்டும் முதல் ஆர்டருக்கு முன்பே பழகிக்கொள்ளலாம். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக மண்டபத்துக்குப் போய், எல்லா லைட்டையும் போடச் சொல்லுங்கள். யாராவது ஒரு சித்தப்பாவை மணையில் உட்காரவைத்து 1/50, 1/100, 1/200 என்று பத்துப் படம் எடுங்கள். கலர் லைட்டுகள் சில நேரம் 50 ஹெர்ட்ஸ் கணக்குக்கும் அடங்காது. பெரிதாக்கிப் பார்த்துப் பட்டை தெரிந்தால், அந்த லைட்டை மட்டும் தாலி கட்டும் நேரத்தில் அணைக்கச் சொல்லி டெக்கரேஷன்காரரிடம் அப்போதே பேசிவிடலாம்.