அரைப்பேரும் சமூகவியலும்

லீவுக்கு வீட்டுக்குப் போனா மாத்தளை பஸ் ஸ்டாண்டிலேயே கேள்வி ஆரம்பிச்சிரும். "கம்பஸ்ல என்னா படிக்கிற?" சமூகவியல்னு சொன்னா அடுத்த கேள்வி தயாரா இருக்கும். "அத படிச்சா என்னா வேல கெடைக்கும்?"

கோபப்பட்டுப் பிரயோசனமில்லை. கேட்கிறவங்க பக்கமும் நியாயம் இருக்கு. பட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு அரசாங்க நியமனத்துக்காக வருஷக்கணக்கா காத்திருக்கிற கலைப்பட்டதாரிகளை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். ஆனா என்னோட கவலை வேற. நாம சமூகவியலைப் படிக்கிறதே இல்லை, டியூட்டைத்தான் படிக்கிறோம்.

நானும் அப்படித்தான் படிச்சேன். முதல் வருஷத்துல டேர்கைம், வெபர், மார்க்ஸ். பிறகு சி. ரைட் மில்ஸ் 1959ல் எழுதின 'சமூகவியல் கற்பனை'. பாஸ்ட் பேப்பர்ல வர்ற பகுதின்னு மனப்பாடம் பண்ணினேன், மார்க்ஸும் வந்துச்சு. அது எங்க வீட்டைப் பத்தின விஷயம்னு புரிய இன்னும் ஒரு வருஷம் ஆச்சு.

மில்ஸ் சொல்றது சுருக்கமா இதுதான். ஒரு லட்சம் பேர் இருக்கிற நகரத்துல ஒருத்தருக்கு மட்டும் வேலை இல்லைன்னா, அவரோட திறமையையும் குணத்தையும் பார்க்கலாம். 5 கோடித் தொழிலாளர் இருக்கிற நாட்டுல ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லைன்னா, ஒவ்வொரு ஆளா பிடிச்சுக் காரணம் கேட்க முடியாது. நாட்டோட அமைப்பைத்தான் பார்க்கணும்.

எங்க அம்மா ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துல கொழுந்து எடுக்கிறாங்க. தோட்டம் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: செக்ரோல்ல முழுநாள் சம்பளம் விழுந்தா அது ஒரு 'பேர்'. சொன்ன கிலோ வராட்டி 'அரைப்பேர்', பாதிச் சம்பளம். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மலையில நின்னிருந்தாலும் அதுதான் கணக்கு.

அரைப்பேர் விழுந்த அன்னைக்கு அம்மா சொல்றது ஒரே வார்த்தை. "இன்னைக்குக் கை ஓடல." வெயில்ல கொழுந்து குறைஞ்சது, மலை பழசானது, செடி செத்து நிலம் வெறுமையா கிடக்கிறது, கிலோவை யார் தீர்மானிக்கிறாங்கன்றது எதுவும் பேச்சுல வராது. அதே நாள் பக்கத்துக் காம்பரா அக்காவுக்கும் அரைப்பேர், சித்திக்கும் அரைப்பேர். ஒவ்வொருத்தரும் தனித்தனியா அவங்கவங்க கையைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க.

ரெண்டாம் வருஷம் ஒரு அசைன்மென்டுக்கு வினாக்கொத்தோட எங்க லயத்துக்கே போனேன். 'குடும்பத்தின் மாத வருமானம்'னு ஒரு கட்டம். பெரியம்மா கேட்டாங்க, "நல்ல மாசத்துக்கா, காய்ஞ்ச மாசத்துக்கா புள்ள?" என் தாள்ல இருந்தது ஒரு கட்டம்தான். ஏதோ ஒரு தொகையை எழுதிட்டு வந்தேன். அரைப்பேரைப் பத்தி அதுல ஒரு கேள்விகூட இல்லை. மாதச் சம்பள வீட்டுக்குன்னு செஞ்ச ஒரு மாதிரி வினாக்கொத்தை, லயத்துல பிறந்து வளர்ந்த நானே கொப்பி பண்ணியிருந்தேன்.

இந்தப் பாடம் இலங்கைக்கு வந்த கதையிலும் இதே இடைவெளி இருக்கு. 1940களின் கடைசியில இலங்கைப் பல்கலைக்கழகத்துல சமூகவியல் தொடங்குது. அங்க கற்பிச்ச பிரைஸ் ரயன்ற அமெரிக்கர் 1953ல் இலங்கையின் சாதி பத்தி ஒரு நூல் வெளியிட்டார். முக்கியமான நூல்தான், ஆனா அது சிங்களச் சாதி முறையைப் பத்தினது. அதே காலத்துல, 1948 குடியுரிமைச் சட்டத்தால எங்க தாத்தா பாட்டிமார் நாடற்றவங்களா ஆகிக்கிட்டு இருந்தாங்க. பிறகு மலையகத்தைப் பத்தி நல்ல ஆய்வுகள் வந்திருக்கு. ரேச்சல் குரியனும் குமாரி ஜயவர்தனவும் சேர்ந்து எழுதின நூல், மைத்ரி ஜெகதீசன் 2019ல் வெளியிட்ட நூல், ரெண்டும் நாம வாசிக்க வேண்டியவை. ஆனா ரெண்டுமே ஆங்கிலத்துல எழுதப்பட்டவை. தன்னைப் போன்றவங்களைப் பத்தி எழுதினதை எங்க அம்மாவால வாசிக்க முடியாது.

எங்க மாத்தளையிலேயே எத்தனை பாடம் இருக்கு! மன்னார்க் கரையில இறங்கி, காட்டு வழியா நடந்து வந்த சனம் வந்து சேர்ந்த ஊர் இது. 2023ல், 200 வருஷ நினைவா, ஜூலை 28 தலைமன்னார்ல தொடங்கின நடைபயணம் ஓகஸ்ட் 12 மாத்தளையிலதான் முடிஞ்சுச்சு. நடந்தவங்க தங்களை 'மலையக மக்கள்'னு சொன்னாங்க. 1911 குடிசன மதிப்பீட்டிலிருந்து ரொம்பக் காலமா அரசாங்கப் பதிவுல எங்க பேர் 'இந்தியத் தமிழர்'னுதான் இருந்துச்சு. ஒரு சனத்துக்கு யார் பேர் வைக்கிறது, அதனால என்ன ஆகுதுன்றது முழு செமஸ்டருக்கும் போதுமான கேள்வி.

அப்போ தியரி வேணாமான்னு கேட்பீங்க. கட்டாயம் வேணும். மில்ஸைப் படிக்காட்டி அம்மா கை ஓடலைன்னுதான் நானும் நம்பியிருப்பேன். ஊர்ல பிறந்தா மட்டும் ஊர் புரிஞ்சிராது. அதேமாதிரி மில்ஸை மனப்பாடம் பண்ணினா மட்டும் மில்ஸும் புரியாது.

சமூகவியல் எடுத்த தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்றது இவ்வளவுதான். வினாக்கொத்து தயாரிக்க முன்னாடி ஒரு வாரம் ஊர்ல சும்மா உட்கார்ந்து கேளுங்க. பிரட்டு, அரைப்பேர், கைக்காசுன்னு சனம் பேசுற சொல்லிலிருந்து கேள்வியை எடுங்க. எழுதினதைத் தமிழ்ல அவங்களுக்கே வாசிச்சுக் காட்டுங்க. தப்புன்னு சொன்னா திருத்துங்க. இதுக்குப் பாடத்திட்டம் மாறுற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

போன லீவுல, மறுபடியும் அரைப்பேர் விழுந்த ஒரு நாள், மலையில இன்னைக்கு எத்தனை பேருக்கு அரைப்பேர்னு அம்மாகிட்ட கேட்டேன். விரல் விட்டு எண்ணினாங்க. பத்தொன்பது வந்துச்சு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு அவங்களே கேட்டாங்க, "எல்லாருக்குமா ஒரே நாள்ல கை ஓடாம போகும்?"

என் கடைசி வருஷ ஆய்வுக்கு அதுதான் கேள்வி.