ஏறுவது இழிவா?

'மரமேறி' என்ற சொல்லை நம் வீடுகளில் இன்றும் வசைச் சொல்லாகவே வைத்திருக்கிறோம். கட்டிலிலிருந்து அலமாரிக்குத் தாவும் பையனை அந்தச் சொல்லால்தான் அதட்டுகிறோம். பெண் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் அதே ஏற்றம் இன்று ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்கித் தரும் விளையாட்டு என்பது நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்ற கோடை விடுமுறையில் பெங்களூர் போயிருந்தபோது, தங்கை மகளின் வற்புறுத்தலால் அங்கே உள்ளரங்க ஏற்றக்கூடம் ஒன்றுக்குப் போனோம். உயர்ந்த கூரை கொண்ட பெரிய கூடம். சுவர் முழுவதும் பல நிறக் கைப்பிடிகள். ஒரே நிறப் பிடிகளை மட்டும் பற்றி உச்சி வரை போனால் ஒரு பாதையை முடித்ததாகக் கணக்கு. எளிய பாதையும் கடினமான பாதையும் அடுத்தடுத்து இருப்பதால், சிறுமியும் தேர்ந்த வாலிபனும் பக்கத்தில் பக்கத்தில் ஏற முடிகிறது.

இதில் முக்கியமாக மூன்று வகை உண்டு. 'போல்டரிங்' என்பது சுமார் 4 மீட்டர் உயரச் சுவரில் கயிறில்லாமல் ஏறுவது; கீழே கனத்த மெத்தை போட்டிருக்கும். 'லீட்' என்பது கயிற்றைத் தானே கொண்டுபோய், வழியிலுள்ள கொக்கிகளில் மாட்டிக்கொண்டே மேலே போவது. 'ஸ்பீட்' என்பது 15 மீட்டர் சுவரில் நடக்கும் ஓட்டப் பந்தயம். இதன் பிடிகள் உலகெங்கும் ஒரே அமைப்பில்தான் இருக்கும். புதியவர்களுக்குக் கயிறு முன்னதாகவே உச்சியில் மாட்டப்பட்டிருக்கும். ஒரு முனை ஏறுபவர் இடுப்பில். மறுமுனை கீழே நிற்பவர் பொறுப்பில். ஏறுமுன் ஒருவர் முடிச்சை மற்றவர் சோதித்தே தீர வேண்டும்.

"பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடா சுவரேறுற வேலை?" என்று கேட்டார் என் தாயார். நம் சமூகமே கேட்கும் கேள்வி இது. பதில் சொல்லத்தான் வேண்டும்.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அங்கும் 2024 பாரிஸிலும் பெண்கள் பிரிவில் தங்கம் வென்றவர் ஸ்லோவேனிய நாட்டின் யான்யா கார்ன்பிரெட். பாரிஸில் ஆண்களுக்கான ஸ்பீட் போட்டியில் இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ 15 மீட்டரை 4.75 விநாடியில் ஏறித் தங்கம் பெற்றார். நம்மைப் போலவே தென்னையும் மழையும் உள்ள நாடு அது. உயரமும் பருமனும் இல்லாத உடலுக்கும் இதில் இடமுண்டு. விரல் வலிமையும் கால் வைக்கும் அறிவும்தான் முதல்.

அப்படியிருக்க, ஏறுவது நமக்கு மட்டும் ஏன் இழிவாயிற்று? காரணம் சாதிதான். பனையேறியும் தென்னையேறியும் பிழைத்தவர்களை அவர்கள் தொழிலைச் சொல்லியே தாழ்த்தினோம். அன்றைய திருவிதாங்கூரில் பனையேறும் குடிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்குக்கூடப் போராட வேண்டியிருந்தது. 1859-ல்தான் அரசாணை வந்தது. அதே பனையைத் தமிழ்நாடு தன் மாநில மரமாக ஏற்றுக்கொண்டது. மரத்துக்கு மரியாதை செய்தோம், ஏறியவனுக்குச் செய்தோமா?

ஏற்றக்கூடத்துக்கும் பனைமரத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாடு கௌரவம் அல்ல, கயிறு. பணம் கொடுத்து ஏறுபவருக்கு இடுப்பில் கச்சை, கீழே மெத்தை, பக்கத்தில் பயிற்சியாளர். கூலிக்கு ஏறுபவருக்கோ பல இடங்களில் கால் தளையும் கடவுளும் மட்டும்தான். வெட்கப்பட வேண்டியது ஏறியதற்காக அல்ல, பாதுகாப்பின்றி ஏறவிட்டதற்காக.

எறணாகுளத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் இயந்திரம் கொண்டு தென்னை ஏறும் பயிற்சியைத் தொடங்கியது. பெண்களும் அதில் சேர்ந்து கற்றார்கள். ஏறுபவர்களுக்குக் காப்பீட்டுத் திட்டமும் கொண்டு வந்தது. நம் ஊரிலேயே, அந்நியர் யாரும் வந்து சொல்லாமலே, பெண் மரமேறலாம் என்பது நிரூபணமாகிவிட்டது.

இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்லலாம். இன்றைய கட்டணத்தைப் பார்த்தால் அது சரியே. அதனால்தான் இது பொதுச் சொத்தாக வேண்டும் என்கிறேன். மட்டாஞ்சேரியின் குறுகிய சந்துகளில் பிள்ளைகள் ஓடியாட இடம் எங்கே? பையன்களாவது வெளி மைதானத்துக்கும் பரேடு மைதானத்துக்கும் போகிறார்கள். பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதானதும் வீட்டுக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஏற்றச் சுவருக்கு மைதானம் தேவையில்லை. உயரமான கூரை போதும். மிளகும் சுக்கும் அடுக்கிய பண்டகசாலைகளில் அந்த உயரம் இருக்கிறது. 2012-ல் கொச்சி-முசிரிஸ் பியனாலே தொடங்கியபோது, பழைய பண்டகசாலைகள் கலைக்கூடங்களாயின. கலைக்குத் திறந்த கதவு பிள்ளைகளுக்குத் திறக்காதா?

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. மெத்தையில் தவறாக விழுந்தால் கணுக்கால் பிசகும். அதனால்தான் முழங்காலை மடக்கி விழவும், கையைப் பின்னால் ஊன்றாதிருக்கவும் முதலில் கற்றுத் தருகிறார்கள். விழக் கற்றுக்கொடுக்கும் விளையாட்டு, வந்த ஊரில் வாழும் நம் பிள்ளைகளுக்கு நல்லது என்பது என் எண்ணம். கீழே கயிறு பிடிப்பவரை நம்பக் கற்றுக்கொடுப்பது அதைவிட நல்லது.

நம் சங்கம் ஆண்டு விழாவில் கோலப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்துகிறது. மகிழ்ச்சி. அத்துடன் ஒரு பொது ஏற்றச் சுவருக்காக மாநகராட்சியிடம் மனுக் கொடுக்கலாம். நம் குடும்பங்களில் மரமேறிப் பிழைப்பவர் எவரேனும் இருந்தால், அவர்களைக் காப்பீட்டில் சேர்த்துவிடலாம். இவை இரண்டுக்கும் முன்பாக, செலவில்லாத காரியம் ஒன்று உண்டு. 'மரமேறி' என்று பிள்ளைகளைத் திட்டுவதை இன்றே நிறுத்துவோம்.