பறவையைக் கலைத்து எடுக்கிற படம் எனக்கு வேண்டாம்



மார்கழி பிறந்ததிலிருந்து என் போனில் பாதி நஞ்சராயன் குளம்தான். பனிமூட்டம், சூரிய உதயம், ஊசிவால் வாத்துகள். ரிட்டயர்டு ஆனவனுக்கு நேரம் நிறைய, எல்லாவற்றையும் பார்க்கிறேன். நன்றாகத்தான் எடுக்கிறீர்கள். ஆனால் கூட்டமாகப் பறவைகள் எழும்பும் படங்களைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது.

அந்தப் படங்களை உற்றுப் பாருங்கள். பலவற்றில் மொத்தக் கூட்டமும் கேமராவுக்கு வாலைக் காட்டிக்கொண்டு போகிறது. பயந்து ஓடுகிறது கண்ணுகளா! கரையில் ஒருவர் கை தட்ட, இன்னொருவர் படம் எடுக்கிற கூத்தை நேரிலேயே பார்த்தேன். கேட்டால், "ஒரே ஒரு ஷாட்தானுங்க சார்" என்கிறார்கள். கரையில் முப்பது கேமரா நின்றால் முப்பது "ஒரே ஒரு ஷாட்".

பட்டைத்தலை வாத்து மங்கோலியா, திபெத் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டித் தெற்கே வருகிற பறவை. குளிர்காலம் முழுக்க அதற்கு மேய்ச்சலும் ஓய்வும்தான் வேலை. திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் மேய்கிற நேரம் போகிறது, சேர்த்த கொழுப்பும் கரைகிறது. "வெளிநாட்டு விருந்தாளி" என்று தலைப்பு வேறு போடுகிறீர்கள். பந்தியில் உட்கார்ந்தவரை இலையை விட்டு எழுப்பிப் போட்டோ எடுப்பதுதான் கொங்கு நாட்டு உபசரிப்பா?

படம் போட்டால்தான் விழிப்புணர்வு வரும் என்று சிலர் வாதம் செய்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. அந்த வழக்கத்தை எந்தக் கேமரா கற்றுக்கொடுத்தது? நம் பக்கத்துக் குளமோ அரசு அறிவித்த பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தியும் வந்தது. அன்று பெருமையாகப் பகிர்ந்தவர்களும் நீங்கள்தான். சரணாலயத்துக்குள் விலங்கு, பறவைகளைச் சீண்டக்கூடாது, குப்பை போடக்கூடாது என்று 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவே சொல்கிறது.

சரணாலயத்திலாவது கேட்க வனத்துறை இருக்கிறது. அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் 1045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் என்று 2024இல் தொடங்கி வைத்தார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் கேட்டுக் கேட்டு வந்த தண்ணீர் அது. அந்தக் குட்டைகளுக்குப் பறவை வந்தால் காவலுக்கு யார் நிற்பார்கள்? அங்கே இறங்கி டிரோன் விட்டால் ஏன் என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

படமே எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. விடியும் முன் போய், ஒரே இடத்தில் அசையாமல் உட்காருங்கள். பத்தாம் வகுப்பில் உங்களை உட்கார வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், இருந்தாலும் முயன்று பாருங்கள். அரை மணி நேரத்தில் பறவை உங்களை மறந்துவிடும். மேய்கிற படம், இறகு கோதுகிற படம், ஒற்றைக் காலில் தூங்குகிற படம் எல்லாம் அப்போதுதான் கிடைக்கும்.

இனிமேல் படத்துக்குக் கீழே எத்தனை அடி தூரத்திலிருந்து, எவ்வளவு நேரம் காத்திருந்து எடுத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அது இல்லாத படத்துக்கு என் லைக் கிடையாது. பேரப்பிள்ளைகள் போட்டாலும் சரி.