டேப்பை முதல்ல முழுசா ஏத்துவோம், வெட்டுறத அப்புறம் பார்ப்போம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன கூட்டத்துல பேசினது பலருக்குத் தெரியும். ஸ்டோர் அலமாரியில இருக்கிற பழைய கேமரா டேப்பை எல்லாம் கடையில கொடுத்து, 20 நிமிஷ வீடியோவா வெட்டி, கும்பாபிஷேகத்தன்னிக்குப் பெரிய திரையில போடுறதா முடிவு. நல்ல யோசனைதான். ஆனா கடைசியில ஒருத்தர், "அதுக்கப்புறம் டேப்பைத் தூக்கிப் போட்டுடலாம், இடத்த அடைக்குது"ன்னு சொன்னாரு. யாரும் மறுத்துப் பேசல. நானும் பேசல. அன்னிக்கு எனக்கு நைட் ஷிப்ட், அவசரமா கிளம்பிட்டேன். அதனால இங்க சொல்றேன், எனக்கு அதுல சம்மதம் இல்லை.

மொத்தம் 19 டேப். 14 மினிடிவி, 5 ஹை8. பார்க்க ஒரே மாதிரி சின்னப் பெட்டிதான், ஆனா வேற வேற சாமான். மினிடிவியில இருக்கிறது டிஜிட்டல். ஃபயர்வயர் கேபிள் போட்டு இழுத்தா டேப்புல இருக்கிறது அப்படியே கம்ப்யூட்டருக்கு வந்துடும், தரம் குறையாது. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எடுத்ததுங்கிறதும் உள்ளுக்குள்ள பதிஞ்சிருக்கும், அதுவும் கூடவே வரும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்ல எடுத்தா படம் வரும், ஆனா மங்கலா வரும், தேதி விவரம் வராது. கேமராவுல யுஎஸ்பி ஓட்டை இருக்கேன்னு சில தம்பிங்க கேட்கிறாங்க. அது பெரும்பாலும் போட்டோ எடுக்கத்தான், முழு வீடியோ அதுல வராது. ஹை8 பழைய அனலாக். அதுக்கு அந்த மஞ்சள் வயர் ஒரு வழி. இல்லன்னா ஹை8 ஓட்டத் தெரிஞ்ச டிஜிட்டல்8 கேமரா கிடைக்கணும்.

கடையில எப்படி எடுப்பாங்கன்னு நாம யாரும் கேட்கல. நான் ஒருமுறை கேட்காம கொடுத்துதான் ஏமாந்தேன்.

எங்க அப்பா தோட்டத்துக் கோயில்ல தீமிதி அன்னிக்கு உடுக்கை அடிச்சுப் பாடுவாரு. ஒரு ஹை8 டேப்புல அது இருந்துச்சு. கடையில கொடுத்தேன், அழகா ஒரு சிடி போட்டுக் கொடுத்தாங்க. வீட்டுல போட்டுப் பார்த்தா அப்பா வாய் அசையுது, பின்னால சினிமா பக்திப் பாட்டு ஓடுது. "சவுண்டு சரியில்ல அங்கிள், அதான் பாட்டு போட்டோம்"னாங்க. டேப் எங்கன்னு கேட்டா, யாரும் வந்து கேட்காததால தூக்கிப் போட்டாச்சாம். தப்பு என் மேலயும்தான், நான் போனதே மூணு மாசம் கழிச்சு. அப்பா இறந்து வருஷம் பல ஆச்சு. அவர் குரல் இப்ப எங்கேயும் இல்லை.

நம்ம டேப்ல என்ன இருக்குன்னு நாலு டேப் போட்டுப் பார்த்தேன். 2001 திருவிழா டேப்ல முக்கால் மணி நேரம் அன்னதானம் மட்டும்தான். அக்காமாருங்க பூசணிக்காய் வெட்டுறாங்க, சண்டை போடுறாங்க, சிரிக்கிறாங்க. பின்னால பழைய கோயில், அதுக்குப் பின்னால லயத்து வீடு, ரப்பர் மரம். இப்ப அந்த இடத்துல என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். 20 நிமிஷத்துக்கு வெட்டுறவன் அம்மன் ஊர்வலத்த வைப்பான், தலைவர் மாலை போடுறத வைப்பான். பூசணிக்காயத்தான் முதல்ல வெட்டி எறிவான். அந்த அக்காமாருல பாதிப் பேர் இப்ப இல்லை. அவங்க பிள்ளைங்க நம்ம கோயிலுக்கு வாராவாரம் வராங்க.

"நேரமாகும்"னு சொல்வாங்க. ஆமா, ஆகும். ஒரு மணி நேர டேப்பை ஏத்த ஒரு மணி நேரம் ஓடணும், அதுல குறுக்கு வழி கிடையாது. ஒரு மணி நேர மினிடிவிக்கு ஏறக்குறைய 13 ஜிபி. 14 டேப்புக்கு 182 ஜிபி. ஒரு டிபி ஹார்ட்டிஸ்க் ரெண்டு வாங்கினா போதும், ஒண்ணு ஆபீஸ்ல, இன்னொண்ணு வேற வீட்டுல. நம்ம ஒருநாள் பூமாலைச் செலவுகூட வராது. வெட்டுறவங்களுக்கு ஒரு காப்பியைக் கொடுப்போம், இஷ்டத்துக்கு வெட்டட்டும், பாட்டு போடட்டும். அசல் நம்மகிட்ட இருக்கும்.

ரெண்டு டேப்ல ஜன்னல் வழியா பார்த்தா வெள்ளையா பூஞ்சை தெரியுது. நம்ம ஊரு ஈரம் அப்படி. அதைத் தயவுசெஞ்சு யாரும் கேமராவுல போட்டுப் பார்க்காதீங்க, கேமரா ஹெட் கெட்டுடும், அடுத்து போடுற டேப்புக்கும் ஒட்டும். அதைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன். மத்த டேப்ல 'சேவ்' பக்கம் தள்ளிட்டேன், யாரும் தெரியாம மேல பதிவு பண்ணிடக் கூடாதுன்னு.

செயலாளர் தம்பிகிட்ட பேசிட்டேன், கும்பாபிஷேகம் முடியிற வரைக்கும் ஸ்டோர்ல இருந்து எதையும் எடுக்க மாட்டேன்னாரு. மினிடிவி கேமரா என் மச்சான்கிட்ட ஒண்ணு இருக்கு, ஓடுது. எவ்வளவு நாள் ஓடும்னு தெரியாது. ஃபயர்வயர் ஓட்டை இருக்கிற பழைய லேப்டாப், சின்ன நாலு பின் கேபிள், ஹை8 ஓடுற கேமரா, இதுல எது யார் வீட்டுல தூங்கிட்டு இருந்தாலும் வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது எடுத்துட்டு வாங்க. சார்ஜர் இல்லாட்டாலும் பரவாயில்ல. நான் செருப்பு வைக்கிற இடத்துலதான் டூட்டி, எட்டரை மணி வரைக்கும் இருப்பேன்.