ஊசி செத்துப்போன லொறிகள்

"நல்ல ட்ரைவருக்கு மீட்டர் எதுக்கு? எஞ்சின் சத்தத்தை வச்சே சொல்லிடுவான்." ஹட்டன் பக்கம் எந்தக் கராஜில் போய் நின்றாலும் இந்த வசனம் காதில் விழும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் முதலாளி தன் செலவை மிச்சம் பிடிக்க ட்ரைவருக்குப் போடும் மாலை இது. ஓயில் பிரஷர் இறங்கும்போது எஞ்சின் கத்தாது. பெயாரிங் தேய்ந்து தட்ட ஆரம்பித்த பிறகுதான் சத்தம் வரும். அந்த நேரம் காதுக்குக் கேட்டு என்ன பிரயோசனம்?

நம்ம மலையில் ஓடுவது பெரும்பாலும் பழைய எல்ஃப், கேன்டர், டாட்டா, லேலண்ட். 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி முழுதாகத் திறக்க 2025 ஆகிவிட்டது. அதுவரை இருப்பதை ஒட்டுப்போட்டு ஓட்டினோம், இன்னும் ஓட்டுகிறோம். டேஷ்போர்டில் பாதி ஊசி அசையாது. அந்த லொறிதான் அவிசாவளையிலிருந்து மாவும் உரமும் ஏற்றிக்கொண்டு, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்துக்கு முக்கி முனகி வரணும்.

இந்த உயரத்தில் ஒரு விஷயம் இருக்கு. ஹட்டனில் திறந்த பானையில் வைத்த தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் எஞ்சினுக்குள் 110 தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியின் ரப்பர் போயிருந்தால் கதை முடிந்தது. கம்பெனி மீட்டரில் சி, எச் என்று இரண்டு எழுத்துக்கு நடுவில் ஊசி சும்மா படுத்திருக்கும். பல வண்டிகளில் எல்லை மீறும் வரைக்கும் எழும்பாது. இலக்கம் போட்ட மீட்டர் என்றால் வட்டவளை வளைவில் 88, அடுத்த வளைவில் 95 என்று ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஓரங்கட்டலாம். இன்னொன்று: தண்ணீர் முழுதும் கொட்டிவிட்டால் சென்சர் வெறும் காற்றில் நிற்கும், ஊசி கீழே இறங்கிக் காட்டும். சூடான எஞ்சினில் ஊசி திடீரென்று விழுந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடாதீங்க, உடனே நிறுத்துங்க.

ஓயில் லைட் இருக்கே என்பார்கள். அந்த லைட் பல வண்டிகளில் பிரஷர் 5, 7 பிஎஸ்ஐக்கு விழுந்த பிறகுதான் எரியும். ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது அது எரிந்தால், எஞ்சின் கட்டப் பணம் தேட வேண்டியதுதான்.

இனி நம்ம பசங்களிடம் ஒரு வார்த்தை. கண்ணாடி ஓரத் தூணில் நீல வெளிச்சத்தோடு மூணு மீட்டர் வரிசையா மாட்டி டிக்டொக் போடுறீங்க. அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் எத்தனை உண்மை சொல்லுது? பஞ்சிகாவத்தையில் மீட்டர் ஒரு கடையில், சென்சர் இன்னொரு கடையில் வாங்கினால் இரண்டின் ஓம் கணக்கும் பொருந்தாது. ஊசி ஆடும், ஆனால் பொய் சொல்லும். சோடியாகத்தான் வாங்கணும். ஜப்பான் லொறிகளில் பெரும்பாலானவை 24 வோல்ட், கடையில் கிடைக்கும் மலிவு மீட்டர் பெரும்பாலும் 12, மாட்டினால் புகைதான். நூல் போட்ட இடத்திலும் கவனம்: ஜப்பான், பிரிட்டிஷ் எஞ்சினில் எட்டில் ஒரு இஞ்சி நூலுக்கு இஞ்சிக்கு 28 வரி, அமெரிக்க சென்சரில் 27. கையால் ரெண்டு சுற்று போகும், அதுக்குப் பிறகு பாஸ் ஸ்பானரில் பலம் காட்டினால் பிளொக் நூல் நாசம். ஒற்றை வயர் சென்சருக்கு எஞ்சின் உடம்புதான் எர்த், அதனால் வெள்ளை டேப்பை நூல் முழுக்கச் சுற்றாதீங்க. சூடான ஓயிலை மெல்லிய குழாயில் கெபினுக்குள்ளேயே கொண்டுவரும் மெக்கனிக்கல் மீட்டர் வேண்டவே வேண்டாம். குழாய் அதிர்ந்து வெடித்தால் கொதிக்கும் ஓயில் ட்ரைவர் காலில்தான்.

பெரிய லொறி என்றால் முதல் ரூபாய் காற்று பிரஷர் மீட்டருக்குப் போகணும். இறக்கத்தில் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தால் டாங்கிக் காற்று குறையும். ஏழு, எட்டு பாரில் நிற்க வேண்டியது ஐந்துக்கு வந்ததை மிதி சொல்லாது, ஊசிதான் சொல்லும். எல்ஃப், கேன்டரில் பெரும்பாலும் ஓயில் பிரேக். அங்கே இந்த மீட்டருக்கு வேலை இல்லை. கியரைக் குறைத்து இறங்குவதுதான் வழி.

கொழுந்து இறக்கிவிட்டு அதே லொறியின் பின்பக்கத்தில் ஆட்களை ஏற்றி மலைக்கு அனுப்பும் பழக்கம் நமக்குப் புதுசு இல்லை. தடம் புரண்டால் மறுநாள் செய்தியில் "சாரதியின் கட்டுப்பாட்டை இழந்து" என்று ஒரே வரி வரும். எஞ்சின் இறுகிப்போனால் "கவனமில்லாம ஓட்டியிருக்கான்" என்று சம்பளத்தில் கை வைப்பார்கள். பார்த்து ஓட்டுவதற்கு எதைக் கொடுத்தீங்க என்று துரையையும் லொறி முதலாளியையும் யாரும் கேட்பதில்லை. புகைப் பரிசோதனைக்காரர் புகையைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்.

ஒரு எஞ்சின் கட்டும் செலவோடு வைத்துப் பார்த்தால், நல்ல மீட்டர் மூன்றும் மாட்டுக்கூலியும் சில்லறைதான். அந்தச் சில்லறையை ட்ரைவர் தன் கைக்காசில் போடக்கூடாது. ட்ரைவர் அண்ணன்மாரே, அடுத்த முறை சாவியைக் கொடுக்கும்போது டேஷ்போர்டை ஒரு போட்டோ எடுத்து, திகதியோடு முதலாளிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்க: இன்னின்ன ஊசி வேலை செய்யல, எப்போ மாத்துவீங்க?